சிவப்புப் பேனாவுடன் ஒசாகாவுக்கு

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகச் சிவப்புப் பேனா வாங்கியவள் நான். நீலப் பேனா வாங்கியவளும் நான்தான், ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் நீலப் பேனா தானாக வந்துவிடும். சிவப்புப் பேனா அப்படி வராது. அது திருத்துகிறவர்கள் கையில் இருப்பது. அப்பா கொத்தனார். அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது, அதனால் அவர்களை யாரும் திருத்தியதும் கிடையாது. பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் கம்பெனியில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் நாள், பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். கம்பெனியில் நீலப் பேனா சும்மா கொடுத்தார்கள். அதை நான் தொடவில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். போலீஸ் இல்லை, பித்தளை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் தையல் மெஷினுக்குள் போகும் பித்தளை புஷ் செய்கிறோம். மோதிரம் மாதிரி இருக்கும், எந்த விரலுக்கும் பொருந்தாது. அதை மைக்ரோமீட்டரால் அளந்து, சரியாக இருந்தால் அட்டையில் டிக் போடுவது என் வேலை. பெட்டிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஆறு வரி, வரிக்கு ஒரு டிக். கீழே என் கையெழுத்து, செல்வி என்று. மற்ற கம்பெனிகளில் இன்ஸ்பெக்டர்கள் பென்சிலால் கொசு மாதிரி ஒரு டிக் வைப்பார்கள். நான் சிவப்பில், வரியின் இந்த ஓரத்தில் இறங்கி அந்த ஓரத்தில் ஏறுவேன்.

இதற்குக் காரணம் அம்மா. சின்ன வயதில் என் நோட்டைத் திறந்து டிக்குகளை மட்டும் எண்ணுவாள். எழுத்து தெரியாது, டிக் தெரியும். முட்டையும் தெரியும். வட்டமாக ஏதாவது சிவப்பில் கண்ணில் பட்டால், அது மார்க் பூஜ்யமா, எழுத்துப் பிழையைச் சுழித்ததா என்றெல்லாம் விசாரிக்க மாட்டாள். துடைப்பம் வரும்.

எங்கள் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் ஜப்பானிலிருந்து வந்தது. நாற்பத்தெட்டு பெட்டி போனது. அந்த ஆர்டரை நம்பி முதலாளி ஒன்பது பெண்களைப் பிசிறு தட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்த்திருந்தார். பெட்டிகள் போய்ச் சேர்ந்த வாரம் ஒரு ஃபாக்ஸ் வந்தது. இரண்டே வரி ஆங்கிலம். பெட்டிகள் அனைத்தும் ஆய்வில் தவறியவை. கையெழுத்திட்ட ஆய்வாளரை அனுப்பி விளக்கவும்.

முதலாளி அதை எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். மூன்றாவது தடவை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது போச்சுன்னா அந்த ஒம்போது பேரையும் நிறுத்தணும்மா. அப்புறம்…" என்று என்னைப் பார்த்தார். பத்தாவது ஆள் யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஃபோர்மேன் கன்னியப்பன் அண்ணன் சொல்லிவிட்டார். "இன்னா மேடம், மைக்ராமீட்டரைத் தலகீயாப் புட்ச்சிக்கினு பாத்தியா? பரவால்ல, போய்ட்டு வா. நம்ம மச்சினன் பையன் ஐ.டி.ஐ. முட்ச்சிட்டு ஊட்ல சும்மாதான் குந்திகினு கீறான்."

பாஸ்போர்ட், டிக்கெட் கதையெல்லாம் யாருக்கும் தேவையில்லை. அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்க சோறு கீதா?" இருக்கிறது என்றேன். நம்பவில்லை. பூண்டு ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தாள். குவார்ட்டர்ஸில் நாலு வீட்டிலும் சொல்லிவிட்டாள், பொண்ணு தப்பு கண்டுபிடிக்க ஜப்பான் போகிறாள் என்று. யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

*

ஒசாகாவில் முதலில் என்னை அடித்தது ஒரு டாக்சி. ஓடுகிற டாக்சி இல்லை, நிற்கிற டாக்சி. கதவைத் திறக்கக் கை நீட்டினேன், அது தானாகத் திறந்து என் முழங்காலில் இடித்தது. உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் தலை குனிந்து வணங்கினார். எங்கள் ஊர் ஆட்டோ டிரைவர் இடித்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். முழங்கால் வலி பாதி குறைந்தது.

தங்கிய இடத்தில் ஊர் வரைபடம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் படத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. ஸ்வஸ்திகா. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஆற்றோரம் வரிசையாக நாலு. அம்பத்தூரில் ஸ்வஸ்திகா மாட்டியிருந்தால் அது சேட்டு அடகுக்கடை. இவ்வளவு பணக்கார ஊரில் இத்தனை அடகுக்கடையா, இவர்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது என்று முதல் நாளே அவர்கள் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. அவை புத்தர் கோயில்கள் என்று பிறகு தெரிந்தது. பாசத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ரயிலில் கம்பெனிக்குப் போனேன். பிளாட்பாரத்தில் இரண்டு விதமான வண்டி வந்தது, ஒன்றுக்குக் கறுப்புப் பலகை, ஒன்றுக்குச் சிவப்பு. சிவப்புதானே விசேஷம் என்று ஏறினேன். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனை அது பார்க்காதது போலப் போயிற்று. பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் நின்று அரக்கோணம் ஃபாஸ்ட் புழுதி கிளப்பிக்கொண்டு போவதை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து திட்டுவது அன்றுதான் முதல் தடவை.

இறங்கிய இடத்தில் ஒரு கோட்டு போட்ட மனிதரிடம் ஸ்டேஷன் பெயர் எழுதிய சீட்டைக் காட்டினேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மூக்குக்கு முன்னால் கையைப் பட்டென்று இப்படியும் அப்படியும் விசிறினார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தூக்கலாகத்தான் வைத்திருந்தேன், அதற்காக முகத்துக்கு நேராகவா. அடுத்து ஒரு பெண்மணியிடம் காட்டினேன். அவளும் அப்படியே விசிறினாள். பையிலிருந்த பூண்டு ஊறுகாய் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அந்த ஊரில் அதற்கு "எனக்குத் தெரியாதுங்க" என்று அர்த்தமாம். இது தெரிவதற்குள் இரண்டு நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருந்து, முடி தென்னந்துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

*

கம்பெனியில் என்னை வரவேற்றவர் மொரிட்டா. அவர்தான் அங்கே இன்ஸ்பெக்டர், ஐம்பது வயது இருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் வெளியூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அன்று புதன். ஆகவே மொரிட்டாவும் நானும் இரண்டு நாள் ஊமைகளாக இருந்தோம். அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி "மொரிட்டா" என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டு "செல்வி" என்றேன். "செருபி-சான்" என்று குனிந்தார். அவருக்கு 'நான்' மூக்கில் இருக்கிறது, நமக்கு நெஞ்சில் இருக்கிறது. பரவாயில்லை, இரண்டும் பக்கத்தில்தான்.

ஒரு கம்பி வலைக் கூண்டுக்குள் எங்கள் நாற்பத்தெட்டு பெட்டிகளும் அடுக்கியிருந்தன. அம்பத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஜெயிலில் இருந்தன. முதல் பெட்டியைத் திறந்தோம். என் அட்டை மேலேயே இருந்தது, ஆறு சிவப்பு டிக், என் கையெழுத்து. மொரிட்டா அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் காட்டி, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார், மிளகாயைக் கடித்தவர் மாதிரி. துக்கமான சத்தம்.

ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஒரே புஷ்ஷை முதலில் நான் அளந்தேன், பிறகு அவர் அளந்தார். எண்ணைத் தாளில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டினோம். ஒரே எண். புஷ்ஷின் டிராயிங்கில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டோம். மிகச் சரி. எனக்கு உயிர் வந்தது. புது அட்டை எடுத்து ஒரு டிக் போட்டேன். மொரிட்டா தன் அட்டையை எடுத்தார், அவரிடமும் சிவப்புப் பேனாதான், அதே வரியில் நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

முட்டை.

இன்னொரு புஷ். மீண்டும் ஒரே எண். நான் டிக், அவர் முட்டை. ஆறு வரிக்கும் ஆறு முட்டை. அளவு சரியாக இருக்கிறது, பிறகு எதற்கு முட்டை? பளபளப்பு போதவில்லையா? நிறமா? இவர் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. படித்த திமிரில் வந்துவிட்டேன், பாலிடெக்னிக்கில் சொல்லித்தராத ஒன்று உலகத்தில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

மொரிட்டாவும் நிம்மதியாக இல்லை. நான் ஒவ்வொரு டிக் போடும்போதும் அந்த மிளகாய்ச் சத்தம் வந்தது. அந்தப் புஷ்ஷை எடுத்து மறுபடி அளப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், என் முகத்தைப் பார்ப்பார். அவரும் ஒன்றை முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

மத்தியானம் அவரே கடையிலிருந்து முக்கோணமான ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். கறுப்பாக ஒரு தாள் சுற்றியிருந்தது. கார்பன் பேப்பர் என்று நினைத்து உரித்து மடித்து வைத்துவிட்டு உள்ளே பார்த்தால், சோறு. சோற்றுக்கு நடுவில் புளிப்பாக ஊறுகாய். அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கட்டுச்சோறு கட்டத் தெரிந்த ஊர். நான் மடித்து வைத்த கார்பன் பேப்பரை மொரிட்டா எடுத்து, மிக மரியாதையாகத் தன் வாயில் போட்டுக்கொண்டார். தின்கிற கடற்பாசியாம் அது.

சாயங்காலம் முடிக்கும்போது ஒரு பெட்டிக்கு அவர் வட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு வட்டம் போட்டார். முட்டைக்குள் முட்டை. என் பள்ளிக்கூட காலத்தில் எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில்கூட யாரும் இவ்வளவு கேவலமாக ஃபெயிலானதில்லை.

*

அந்தச் சாயங்காலம் குளிரும் பசியுமாக நடந்தேன். மூக்குக்கு முன்னால் யாராவது விசிறிவிடுவார்களோ என்று யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒரு சந்தில் விளக்குப் பலகை தெரிந்தது. வட்டமாக ஒரு தட்டு, அதிலிருந்து நெளிந்து நெளிந்து மூன்று கோடு மேலே போகிறது. அந்தப் படத்தை ஆவடி மார்க்கெட்டில் எந்தக் கடையில் போட்டாலும் ஒரே அர்த்தம்தான். சூடாக இட்லி இருக்கிறது.

வாசலில் இரண்டு திரை. சிவப்புத் திரைக்குள் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆசாரமான ஓட்டல் என்று நினைத்தேன். முதலிலேயே காசு வாங்கினார்கள். செல்ஃப் சர்வீஸ் என்று நினைத்தேன். ஒரு சின்னத் துண்டு கொடுத்தார்கள். கை துடைக்க. உள்கதவைத் தள்ளினேன். ஆவி முகத்தில் அடித்தது. ஆவி விலகியதும் ஏழெட்டு அம்மாக்கள் தெரிந்தார்கள், பிறந்தபடி. சிலர் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தார்கள். இட்லிப் பானை என்று நான் நினைத்ததில் பெரிய தப்பு இல்லை, உள்ளே வேகிறது யார் என்பதில்தான் தப்பு.

ஒரு அம்மா வா வா என்று கை காட்டினாள். நல்ல மனது. நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்த வழியே பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன். கல்லாவில் இருந்த அம்மா பயந்துபோய்க் காசைத் திருப்பிக் கொடுத்தாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாய்க்குக் கை கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் பால் எடுத்துக் கொடுத்தாள். சில்லென்ற பால். அன்று இரவுச் சாப்பாடு அதுதான், பருப்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு குடித்தேன்.

*

வியாழக்கிழமை இன்னும் மோசம். மொரிட்டா தன் மேலதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் என் டிக்குகளைப் பார்த்தார், மொரிட்டாவின் முட்டைகளைப் பார்த்தார், அவரும் காற்றை இழுத்தார். இரண்டு பேரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். அது என்னவென்று மறுநாள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். "இந்தப் பெண் பயங்கரக் கறார். நமக்கு நல்லதாகத் தெரிகிற ஒன்றைக்கூட இவள் விடவில்லை." "இவ்வளவு கறாரானவள் முதலில் இதை ஏன் அனுப்பினாள்?" அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுபடி முதல் பெட்டியிலிருந்து அளக்க ஆரம்பித்தோம் என்பதுதான். நான் அழுத்தி டிக் போட்டேன். அவர் அழுத்தி முட்டை போட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அனுதாபமாகத் தலை குனிந்துகொண்டோம், சாவு வீட்டில் மாதிரி.

மத்தியானம் மொரிட்டாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தனியாக வெளியே போனேன். அந்த ஒன்பது பேரில் சாந்தி என்று ஒருத்தி, நான் கிளம்பும்போது, "மேடம், நாங்க பிசிறு ஒயுங்காத்தான் எட்த்தோம், சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தாள். சொல்ல எனக்கு மொழி இல்லை. மொழி வந்தாலும் நம்ப அந்த ஆள் தயாராக இல்லை என்று நினைத்தேன். கன்னியப்பன் அண்ணனின் மச்சினன் பையன் என் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் கொசு வைப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. கண்ணாடிப் பெட்டியில் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு வைத்திருந்தார்கள், கிண்ணம், குழம்பு, மேலே பாதி வெட்டிய முட்டை உட்பட. முட்டை இல்லாத ஒன்றைத் தேடிக் கை காட்டினேன். அந்த நிலைமையில் ஒரு முட்டையைக்கூடப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைக்கார அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், இரண்டு தாள் ஒட்டியிருந்தது. யாரோ குழந்தையின் கணக்குப் பரீட்சைத் தாள். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு முட்டைகள்.

பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை ஏன் சுவரில் ஒட்டி மானத்தை வாங்குகிறாள் என்று தோன்றியது. எங்கள் அம்மாவாவது வீட்டுக்குள்ளேயே அடிப்பாள். பிறகு தாளின் மேல் மூலையைப் பார்த்தேன். பெரிதாக 100 என்று போட்டு, அதன் கீழே இரண்டு கோடு.

சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ச் சுவர் அருகே நின்றேன். ஜப்பான் எழுத்து எனக்குத் தெரியாது, வாய்ப்பாடு தெரியும். ஏழெட்டு ஐம்பத்தாறு. சரி. முட்டை. ஒன்பதைந்து நாற்பத்தைந்து. சரி. முட்டை. ஒரு கணக்குகூடத் தப்பில்லை, அத்தனைக்கும் முட்டை, மொத்தம் நூறு. பக்கத்துத் தாளில் 85. அதிலும் முட்டைகள்தான், ஆனால் மூன்று இடத்தில் மட்டும் சிவப்பு டிக். முதல் டிக்கைப் பார்த்தேன். ஒன்பதாறு ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தது பிள்ளை. ஒன்பதாறு ஐம்பத்துநாலு. இரண்டாவது டிக், அதுவும் தப்பு. மூன்றாவதும் தப்பு.

கடைக்கார அம்மா பின்னால் வந்து நின்று, நூறைத் தொட்டுக் காட்டிவிட்டு, எதிர் நாற்காலியில் இருந்த ஒரு சின்னப் பையைத் தட்டிக் காட்டினாள். சிவப்புத் தோல் பை, பெண் குழந்தையுடையது. நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மகள் நூறு வாங்கியதற்கு யாரும் இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு அவள் பார்த்திருக்க மாட்டாள். நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது. கிளம்பிவிட்டேன், காசை மட்டும் வைத்துவிட்டு.

*

ஓடிப் போய் மொரிட்டாவின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். 2+2=4 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். கீழே 2+2=5 என்று எழுதி, பெருக்கல் குறி போட்டேன். பேனாவை அவரிடம் நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு தன் கையால் 2+2=4 என்று எழுதினார். வட்டம் போட்டார். 2+2=5 என்று எழுதினார். டிக் போட்டார். பேனாவை வைத்தார். என் நாற்பத்தெட்டு அட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் சாவு வீட்டில் முதலில் சிரித்தவர் அவர்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அந்த முட்டைக்குள் முட்டை அட்டையை எடுத்து, இது என்ன என்று கையை விரித்தேன். அவர் கட்டை விரலை உயர்த்தினார், இரண்டு கையிலும். அந்தப் பெட்டிதான் எல்லாவற்றிலும் உசத்தியாம். அதை நினைத்துத்தான் நான் ஒரு ராத்திரி முழுக்கப் பருப்புப் பொடியும் கண்ணீருமாக இருந்தேன்.

மேலதிகாரி வந்தார். தாளைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கூண்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அது போதும்.

வெள்ளிக்கிழமை ஆங்கிலம் தெரிந்தவர் வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்த பிறகு வருவது அவர் வழக்கம் போலிருக்கிறது, எங்கள் ஊர் போலீஸ் மாதிரி. அவர் ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. "நீலத்திலோ பென்சிலிலோ டிக் போட்டிருந்தால், பார்த்தாயிற்று என்று அர்த்தம் செய்துகொண்டு உள்ளே எடுத்திருப்போம். சிவப்பில், அதுவும் இவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தீர்கள். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை."

ஆக, கொசு வைக்கிற எந்த இன்ஸ்பெக்டரின் பெட்டியும் நேராக உள்ளே போயிருக்கும். ஒன்பது பெண்களின் வேலையை ஆட்டம் காண வைத்தது பித்தளை இல்லை, பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில் நான் வாங்கிய பேனா.

நாற்பத்தெட்டு அட்டையையும் புதிதாக எழுதிக் கையெழுத்து போட்டுத் தர வேண்டும் என்றார்கள். அட்டைக்கு ஆறு, மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டு முட்டை, என் கையால். முதல் முட்டை போடும்போது கை வரவில்லை. பின்மண்டையில் துடைப்பத்தின் சத்தம் கேட்டது. முட்டை கோணலாக வந்தது. மொரிட்டா அதைப் பார்த்துவிட்டு, தன் பேனாவால் மெதுவாக ஒன்று போட்டுக் காட்டினார், கீழேயிருந்து ஆரம்பித்து, சுற்றி வந்து மூடுவது. பத்தாவது அட்டைக்கு மேல் எனக்கும் உருண்டையாக வந்தது. நல்ல பிள்ளை மாதிரி முட்டை போட்டேன். அதையும் சிவப்பில்தான் போட்டேன். அந்த ஊரில் அது செல்லும் என்று ஆகிவிட்ட பிறகு நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது மொரிட்டா அந்த இரட்டை வட்ட அட்டையை இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தார், ஞாபகத்துக்கு. நான் மீதமிருந்த பூண்டு ஊறுகாயைக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்தார். மூக்குக்கு முன்னால் கையை விசிறினார். இந்தத் தடவை அதற்கு நான் முதலில் நினைத்த அர்த்தம்தான்.

*

எஸ்டேட்டில் ஒன்பது பேரும் வேலையில் இருந்தார்கள். அடுத்த ஆர்டர் ஃபாக்ஸ் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஜப்பான் பெட்டிக்கு முட்டை, கோயம்புத்தூர் பெட்டிக்கு டிக் என்று முதலாளி உத்தரவு போட்டார். "அந்தச் செகப்புப் பேனா மட்டும் வேணாமே" என்று இழுத்தார். நான் கேட்காதது போலக் கீழே விழுந்த புஷ் ஒன்றை ரொம்ப நேரம் தேடினேன்.

கன்னியப்பன் அண்ணன் விடவில்லை. "ஏரோப்ளேன்ல போய் முட்ட வாங்கினு வந்த மொத ஆளு நீதான் மேடம்."

"கோலாலம்பூர் வழியா, அண்ணே," என்றேன். "உங்க மச்சினன் பையனுக்கும் ஒண்ணு வேணும்னா சொல்லுங்க, போட்டுத் தரேன்."

சாந்தி மட்டும் கவலையாக வந்தாள். "மேடம், எங்க பொட்டியில முட்ட போடறீங்களே, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

வீட்டில் அம்மாவிடம் மொரிட்டாவின் அட்டையைக் கொடுத்தேன். ஜப்பானில் பெரிய இன்ஸ்பெக்டர் கொடுத்தது, எல்லாவற்றிலும் உசத்தியான பெட்டி என்றேன். அவள் அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரல் வைத்து எண்ணினாள்.

"ஆறு முட்ட. இதுல இது முட்டைக்குள்ள முட்ட." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கா அம்மாந் தொலவு போன?"

"அங்க முட்டைதான்மா ரைட்டு."

"அங்க கீறவங்களுக்கு அது ரைட்டு. குவார்ட்டர்ஸ்ல நாலு ஊட்டுலயும் சொல்லி வெச்சிருக்கேன், இத்தக் காட்டணும். அவங்களுக்கு யாரு ஜப்பான் கதையெல்லாம் சொல்றது?" அட்டையை என் மடியில் வைத்தாள். "உன் செகப்புப் பேனாவ எடு. எல்லா முட்ட மேலயும் ஒரு ரைட்டு போடு. பெர்சாப் போடு."

போட்டேன். வரியின் இந்த ஓரத்தில் இறங்கி அந்த ஓரத்தில் ஏறினேன். அம்மா ஆறையும் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அட்டை இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இங்கே வருகிறவர்களுக்கு நான் ஆறு முட்டை வாங்கி, ஆறையும் திருத்திப் பாஸானவள். அடுத்த மாதம் மொரிட்டா அம்பத்தூருக்கு வருகிறார் என்று ஃபாக்ஸ் வந்திருக்கிறது, முதலாளி எங்கள் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்தால், தன் கையால் உச்சத்தில் வைத்த பெட்டியை ஒரு பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு மையில் ஃபெயிலாக்கிச் சட்டம் போட்டிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அட்டையைத் திருப்பி மாட்டிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா. "ரைட்டுன்னா ரைட்டுதான். அவரும் பாத்து கத்துக்கட்டும்."